ஒழுக்குத் தோமினிக்கின் சாயத் தண்ணீர்

மேகம் கட்டினால் தோமினிக்குக்குச் சோறு இறங்காது. ஊரே மழைக்கு ஏங்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் மட்டும் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். ஏற்காட்டு மலைப்பக்கம் லேசாகக் கறுத்தால் போதும், "இன்னைக்கு எவன் ஒழுகுதுன்னு சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வரப்போறானோ" என்று ஆரம்பித்துவிடுவார்.

"வந்தா வரட்டுமே. உங்களைப் புடிச்சு முழுங்கிறவா போறான்?" என்பாள் மனைவி இன்பமேரி.

வெயில் காலத்திலாவது அந்த மனுஷன் நிம்மதியாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. மழையில்லாத நாளில் ஒழுகும் வீடுதான் பொல்லாதது. மழைக்கு ஒழுகினால் வானத்தைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். சுட்டெரிக்கிற வெயிலில் கூரை சொட்டினால் மேல்வீட்டுக்காரரைத்தானே திட்ட வேண்டும்? அவர் சும்மா இருப்பாரா? மாடிப்படியில் நின்று இரண்டு வீடும் கத்த, நடுவில் யாராவது ஒருவர், "ஒழுக்குத் தோமினிக்கைக் கூப்புடுங்கப்பா" என்பார்.

அஸ்தம்பட்டியில் அரசாங்க ஊழியர்களுக்கென்று கட்டிய வாடகைக் குடியிருப்பு அது. பத்துப் பன்னிரண்டு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. குடிவந்தவர்களில் பாதிப்பேர் அதற்கு முன்னால் தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் நடமாடுகிற வீட்டில் இருந்ததில்லை. ஓட்டுவீட்டிலிருந்தும் தோட்டத்துச் சாளைக் குடிசையிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குத் தரை என்றால் அதற்குக் கீழே மண். கொட்டிய தண்ணீரை மண் குடித்துவிடும், யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே தன் வீட்டுத் தரை அடுத்தவர் வீட்டுக் கூரை என்பது மனதில் பதியவே அவர்களுக்கு நாலைந்து வருஷம் பிடித்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் குடம் குடமாய் ஊற்றி வீடு கழுவுகிறவர்களுக்கு அது எப்படிப் பதியும்?

தோமினிக் அந்தக் குடியிருப்பின் பராமரிப்புக் கொத்தனார். குழாய் வேலையும் தெரியும். பதினோரு வருஷமாக மஸ்டர் ரோலில் இருந்தார். வேலைக்கு வந்த நாளுக்கு மட்டும் பெயர் ஏறும்; வராத நாளில் அப்படி ஓர் ஆள் இருந்ததாகவே கணக்கில்லை. அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் நிரந்தரமாகி, காக்கிச் சட்டை வாங்கி, தீபாவளிக்கு முன்பணமும் வாங்கிவிட்டார்கள். தோமினிக் மட்டும் வெள்ளை பனியனோடு நின்றார். நாற்பத்தாறு வயது. ஐம்பதைத் தாண்டினால் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து, பிறந்த தேதி எழுதிய ஞானஸ்நானச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பார், பார்க்கும்போதெல்லாம் தேதி மாறியிருக்கும் என்பதுபோல.

ஆனால் ஒழுக்கைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை. அதற்கு அவர் வைத்திருந்த வழி சாயத் தண்ணீர். ஜலகண்டாபுரத்தில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் இன்பமேரியின் அண்ணன் மிக்கேல் வேலை செய்தான். பட்டறைத் தொட்டியோரம் சிந்துகிற பொடியைக் கூட்டி அள்ளிக் கொடுப்பான். பவுடர் டின் இரண்டு. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை. எந்த வீட்டின்மேல் சந்தேகமோ அந்த வீட்டில் சாயம் கரைத்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழ்வீட்டில் போய் அண்ணாந்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்கு ஒரு வீடு, ஒரு நிறம். முதல் நிறம் வராவிட்டால் மறுநாள் அடுத்த வீடு, அடுத்த நிறம். கூரையில் நிறம் பார்த்த பிறகு யாரும் சண்டை போடமாட்டார்கள். அவர் சொல்கிறதுதான் தீர்ப்பு.

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் அந்தத் தீர்ப்பு பிசகியது.

மூன்றாம் கட்டடத்தின் நடு மாடியில் அர்த்தநாரி குடியிருந்தார். பதிவுத்துறை குமாஸ்தா. மனு எழுதுவதில் மன்னன். கார்பன் வைக்காமல் ஒரு வரி எழுதமாட்டார். சித்திரை பிறக்கிறதென்று வீடு முழுக்கச் சொந்தச் செலவில் சுண்ணாம்பு அடித்தார். அடித்த நாலாம் நாள், அடுப்படியையும் நடையையும் பிரிக்கிற சுவருக்கு மேலே, வெள்ளைவெளேரென்ற கூரையில் தோசைக்கல் அகலத்துக்கு ஈரம் பூத்தது. அன்று மாலையே சொட்ட ஆரம்பித்தது. அர்த்தநாரி அடியில் குண்டாவை வைத்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றி நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணினார், மனுவில் அதையும் எழுதினார்.

அந்த இடத்துக்கு நேர் மேலே மேல்மாடியில் இரண்டு வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டின் சமையல்கட்டும் மறுவீட்டின் குளியலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சமையல்கட்டு வசந்தாமணியினுடையது. மல்லசமுத்திரத்துப் பக்கம் தோட்டம் துரவோடு இருக்கும் குடும்பம். கணவர் வேலுமணிக்குக் கூட்டுறவு ஆபீஸில் வேலை. குளியலறை குப்பாயினுடையது. ஆஸ்பத்திரியில் ஆயா, கணவன் இல்லை, தனியாள்.

"நான் காலையில ஒரு வாளி, சாயந்தரம் ஒரு வாளி. அவிங்க ஊட்டுல எட்டுப் பேரு. எங்கிருந்து ஒழுகும்னு நீங்களே சொல்லுங்க" என்பாள் குப்பாயி.

"சமையக்கட்டுல யாருங்க குளிக்கறாங்க? பாத்ரூம்ல ஒழுகாம சமையக்கட்டுலயா ஒழுகும்? கேக்கறவன் சிரிப்பான்" என்பாள் வசந்தாமணி.

மனு உதவிப் பொறியாளர் கந்தப்பனிடம் போயிற்று. இரண்டு பிரதி போயிற்று. மூன்றாவது பிரதி மேலிடத்துக்குப் போகும் என்று அர்த்தநாரி சொன்னதும் கந்தப்பன் தோமினிக்கைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு தோமினிக், இந்த மாசக் கடைசி திங்கக்கிழமை நிரந்தரப் பட்டியல் அனுப்பறேன். எட்டுப் பேரு. எட்டாவதா உன் பேரை எழுதி வச்சிருக்கேன். ஆனா அந்த அர்த்தநாரி ஒவ்வொரு மனுவுலயும் 'பராமரிப்புக் கொத்தனாரின் மெத்தனம்'னு எழுதறான். அதை வச்சுக்கிட்டு நான் உன் பேரை அனுப்ப முடியாது. மூணு வீட்டுலயும் குறையில்லைன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு வா. இன்னைக்கே எந்த வீடுன்னு கண்டுபுடி."

"ரெண்டு நாள் ஆகுமுங்க. ஒரு நாளைக்கு ஒரு வீடுதான்…"

"இன்னைக்கேன்னு சொன்னேன்."

முந்தின நாள் சாயங்காலம் கோடைமழை ஒரு பாட்டம் அடித்திருந்தது. ஊரார் ஒழுக்கையெல்லாம் பார்த்தவரின் ஓட்டுவீடு ஒழுகி, பச்சைச் சாய டின்னுக்குள் தண்ணீர் புகுந்து பொடியெல்லாம் கரைந்து ஒழுகிப்போயிருந்ததை அவர் மேல்மாடியில் போய் டின்னைத் திறந்தபோதுதான் பார்த்தார். சிவப்பு மட்டும் இருந்தது. வீட்டுக்கு ஒரு நிறம் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றவும் வேண்டும். டின்னைக் கையில் வைத்துக்கொண்டு தோமினிக் திருதிருவென்று விழித்தார்.

"பொடி இல்லாட்டி என்னுங்க?" என்றாள் வசந்தாமணி. "மஞ்சப்பொடி இருக்குது. நம்ம தோட்டத்து மஞ்சளு. நகத்துல பட்டா நாலு நாளைக்குப் போகாது. கரைச்சு ஊத்துங்க."

நல்லதாய்ப் போயிற்று என்று தோமினிக் ஒப்புக்கொண்டார். அந்த வீட்டுச் சமையல்கட்டுக்குள் வெளியாள் நுழைகிற வழக்கமில்லை. அவர் நடையிலேயே நின்று மஞ்சளைக் கரைத்துக் கொடுக்க, வசந்தாமணியே உள்ளே கொண்டுபோய் ஊற்றினாள். குப்பாயி வீட்டில் அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. நேராகக் குளியலறைக்குள் போய்ச் சிவப்பு வாளியைத் தானே கவிழ்த்தார். பிறகு கீழே வந்து, அர்த்தநாரி வீட்டு நடையில் அண்ணாந்து உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வட்டம் நிறம் மாறியது. முதலில் பழுப்பாக இருந்ததுபோல் பட்டது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது சிவந்திருந்தது.

"செவப்பு! செவப்பு!" என்று அர்த்தநாரி துண்டைச் சுழற்றினார்.

சத்தம் கேட்டு மேலேயிருந்து குப்பாயி இறங்கி வந்தாள். வெள்ளைச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"மேஸ்திரி, நான் ஆஸ்பத்திரியில தெனம் ரத்தம் தொடைக்கறவ. செவப்புல எத்தனை செவப்பு இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நீங்க என்ற பாத்ரூம்ல ஊத்துனது செம்பருத்திப் பூவாட்டம் இருந்துச்சு. இது செங்கல்லைக் கரைச்ச மாதிரி இருக்குது. இது என்ற தண்ணி இல்லீங்க."

தோமினிக்குக்கும் அந்த மங்கல் கண்ணில் உறுத்தத்தான் செய்தது. காரைக்குள் புகுந்து வந்த சாயம் மங்காமல் என்ன செய்யும் என்று மனதைத் தட்டி உட்காரவைத்தார். ஊற்றியது மஞ்சளும் சிவப்பும். வந்தது மஞ்சளா? இல்லை. அப்புறம் என்ன?

"பாத்ரூம்தானம்மா" என்றார்.

குப்பாயி ஒப்பவில்லை. கந்தப்பன் வந்தார். ஒரு நோட்டீஸை நீட்டி, இரண்டாவதும் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று மெதுவாகத்தான் சொன்னார். குப்பாயி குளியலறையிலிருந்த வாளியை எடுத்து வெளியே வைத்தாள். மறுநாள் தோமினிக் அவள் குளியலறைத் தரையை உடைத்தார். நாலு நாள் உளிச் சத்தம். பிறகு புதுக் காரை போட்டு, ஈரச் சாக்கு விரித்து, கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் விடியுமுன்னே ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே குளித்துக்கொண்டாள்.

கூரைச் சொட்டு நின்றது. முதல் நாள் குறைந்தது, மூன்றாம் நாள் அறவே இல்லை. அர்த்தநாரி குண்டாவைத் துடைத்து அலமாரியில் வைத்தார். 'கொத்தனாரின் திறமையால்' என்று தொடங்கி ஒரு பாராட்டு மனுவும் எழுதினார், கார்பனோடு. வசந்தாமணியின் கையெழுத்து, அவள் ஊருக்குக் கிளம்பும்போதே வாங்கியாகிவிட்டது. மாரியம்மன் நோம்பிக்கு, பள்ளிக்கூட லீவும் சேர்ந்து வர, குடும்பத்தோடு மல்லசமுத்திரம் போயிருந்தாள். குப்பாயி மட்டும், "படிச்சுச் சொல்லுங்க" என்றாள். தோமினிக் படித்தார். "என் வீட்டுக் குறையால் ஏற்பட்ட ஒழுக்கு சரிசெய்யப்பட்டது." அவள் பேனாவை வாங்கி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். தாள் கிழிந்துவிடுமோ என்றிருந்தது.

கந்தப்பன் கடிதங்களை வாங்கிக் கோப்பில் வைத்தார். "திங்கக்கிழமை காத்தால பதினோரு மணித் தபால்ல போயிரும். போய்க் காக்கிச் சட்டைக்கு அளவு குடு" என்றார்.

அடுத்த நாள் புதன்கிழமை. மிக்கேலின் மகளுக்குக் கல்யாணம். கோயிலில் பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இன்பமேரிதான் ஆரத்தி கரைத்தாள். தாம்பாளத்தில் தண்ணீர், அதில் மஞ்சள்பொடி. பளீரென்று மஞ்சளாக இருந்தது. வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை விரல்நுனியில் எடுத்து அதில் விட்டுக் கலக்கினாள்.

தண்ணீர் சிவந்தது. செம்பருத்திச் சிவப்பு அல்ல. செங்கல்லைக் கரைத்த சிவப்பு.

பக்கத்தில் மாலையை ஏந்தி நின்ற தோமினிக் தாம்பாளத்தின்மேல் குனிந்தார். "இன்னொருக்காக் கரை" என்றார்.

"என்னது?"

"சுண்ணாம்பு போடாம ஒருக்கா… போட்டு ஒருக்கா…"

"ஏனுங்க, புள்ளையும் மாப்பிள்ளையும் வெயில்ல நிக்கறாங்க. உங்களுக்குக் கிறுக்கா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தோமினிக் விருந்தில் உட்கார்ந்து எழுந்தார்; என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லியிருக்கமாட்டார்.

அவருக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து எத்தனை ஆரத்தி பார்த்திருப்பார்! அவர் கல்யாணத்துக்கும் எடுத்தார்கள், ஒவ்வொரு குழந்தை வீட்டுக்கு வந்தபோதும் எடுத்தார்கள். மஞ்சள் சுண்ணாம்பில் பட்டால் சிவக்கும் என்பதைக் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தபோது மட்டும் மறந்துபோனார். தலைக்கு மேலே அர்த்தநாரி புதிதாக அடித்த சுண்ணாம்பு. அதன் வழியாக வசந்தாமணியின் மஞ்சள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சொட்டு நின்றதும் தன் வேலையால் அல்ல. எட்டுப் பேர் புழங்குகிற சமையல்கட்டு பூட்டிக் கிடக்கிறது, தண்ணீர் ஏது?

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஏதாவது சாக்குச் சொல்லி மூன்றாம் கட்டடத்து மாடிப்படியில் ஏறினார். பூட்டிய கதவின்முன் நிற்பார், இறங்குவார், அர்த்தநாரி வீட்டுக் கூரையை எட்டிப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். நோம்பி முடிந்து ஞாயிற்றுக்கிழமை வருவார்கள் என்று அர்த்தநாரி சொன்னார். ஞாயிறு மதியம் குழாயைத் திறந்தால் சாயங்காலமே சொட்டும். திங்கள் காலையில் அர்த்தநாரி மனுவோடு ஆபீஸ் வாசலில் நிற்பார். பதினோரு மணித் தபாலுக்கு முன்னாலேயே நிற்பார்; அவரைத் தெரியாதா?

"என்ன மேஸ்திரி, பூட்டுல ஒழுகுதுங்களா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. குப்பாயி. ஆஸ்பத்திரியிலிருந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்தாள்.

"இல்லம்மா, சும்மா…"

"சும்மா பாருங்க. யாரு வேண்டாங்கறா?" கதவைச் சாத்திக்கொண்டாள். மூடிய கதவைப் பார்க்காமல் அவர் படியிறங்கினார்.

சனிக்கிழமை இன்பமேரியிடம் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தினாள். "இந்தாங்க, திங்கக்கிழமை பதினோரு மணி வரைக்கும் வாயத் தெறக்காதீங்க. பதினொண்ணு அஞ்சுக்குப் போய் என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பதினோரு வருசத்துக்கு ஒரு காலைப்பொழுது பொறுக்க மாட்டீங்களா? கல்யாணத்துல என் அண்ணன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டேன், என் ஊட்டுக்காரரு பெர்மனென்ட்டுன்னு."

அவள் சொன்னதிலிருந்தே தோமினிக் ஒரு வழி பிடித்தார். ஞாயிறன்று அவர்கள் வந்து இறங்கியதும், குழாயைத் திறக்கிறதற்குள் போய்விட வேண்டும். ஏதோ வழக்கமான பரிசோதனை என்று சொல்லி, எங்கே விரிசலோ அங்கே சிமெண்டைப் பூசிவிட்டால்? ஒருவருக்கும் தெரியாது. சொட்டாது. பட்டியல் போய்விடும். அப்புறம் குப்பாயிக்கு ஏதாவது செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவருக்குப் பிரசங்கம் காதில் ஏறவில்லை. மதியம் பையில் கரணையும் சிமெண்டும் போட்டுக்கொண்டு போனபோது வசந்தாமணி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேஸ்திரி. வந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கல, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"எல்லா ஊட்டுச் சமையக்கட்டையும் ஒருக்காப் பாக்கச் சொல்லியிருக்காங்கம்மா. உள்ள வரலாமுங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பதினோரு வருஷத்தில் அந்தச் சமையல்கட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மூலையில் எதையோ பலகையால் மூடி, அதன்மேல் அரிசிக் குண்டான் வைத்திருந்தது. பலகையை நகர்த்தினார்.

தரையை வெட்டி அடிப்பாகத்தைப் புதைத்த ஆட்டுக்கல்.

கிராமத்து வீட்டில் அப்படித்தான் இருக்கும். கல்லை மண்ணில் புதைத்தால்தான் ஆட்டும்போது ஆடாது, கையும் வலிக்காது. ஊரிலிருந்து கல்லைக் கொண்டுவந்தபோது வேலுமணி ஓர் ஆளை வைத்து இங்கேயும் தரையை வெட்டிப் புதைத்திருக்கிறார். அந்தத் தளத்தின் மொத்தக் கனமே நாலரை அங்குலம்! மாவு ஆட்டிவிட்டுக் கல்லைச் சுற்றிக் கழுவி விடுகிற தண்ணீரெல்லாம் குழியோரமாக இறங்கியிருக்கிறது. அன்று மஞ்சள் தண்ணீரையும் அவள் கல்லைச் சுற்றித்தான் ஊற்றியிருக்கிறாள்.

"எப்பங்க புதைச்சது?"

"தைப்பொங்கலுக்குங்க. ஏனுங்க?"

பூசி மறைக்கிற காரியமில்லை இது. கல்லை எடுத்தாக வேண்டும்.

"இந்தக் கல்லை எடுக்கோணும்மா."

"எதுக்குங்க எடுக்கோணும்? ஒழுக்குத்தான் பக்கத்து ஊட்டு பாத்ரூம்ல இருந்து வருதுன்னு நீங்களே சொன்னீங்க. அதுக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னதும் நீங்கதான்."

தோமினிக் வாயைத் திறந்தார். வாசல் பக்கம் நிழல் தட்டியது. திறந்த கதவருகே குப்பாயி, கையில் காலி வாளியோடு நின்றிருந்தாள். அவள் கண் ஆட்டுக்கல்லில் இருந்தது.

அதற்குமேல் அவரால் ஒளிக்க முடியவில்லை. இரண்டு பெண்களுக்கும் தெரியும்படி, மாடத்திலிருந்த மஞ்சள்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்தார். தண்ணீரில் நனைத்து, சுண்ணாம்படித்த சுவரில் இழுத்தார். மஞ்சள் கோடு பார்க்கப் பார்க்கச் சிவந்தது.

வசந்தாமணி வாயில் கை வைத்தாள். "அட மாரியாத்தா… ஆரத்தித் தண்ணி!"

குப்பாயி வாளியைக் கீழே வைத்தாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தாச் செவக்கும்னு எனக்குத் தெரியாதா? இவிங்களுக்குத் தெரியாதா? எங்கள ஒரு வார்த்த கேட்டியா? நீ கூரையைப் பாத்துக் கேட்ட. இது என்ற தண்ணி இல்லைன்னு சொன்னனே, அப்பவாச்சும் எந்த ஊட்டுல என்ன ஊத்துனன்னு என்கிட்டச் சொன்னியா?"

"தப்புத்தாம்மா."

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

அவர் தரையைப் பார்த்தார். "புதன்கிழமையில இருந்து."

"அதான் பூட்டைப் பாத்துக்கிட்டு நின்னியா?" அவள் குரல் உயரவில்லை. "நாளைக்குத்தான் உன்ற பட்டியல் போவுது. அர்த்தநாரி எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்காரு. என் ஊட்டுக் குறைன்னு எழுதிக் குடுத்த கடுதாசி எனக்குத் திரும்ப வேணும். நாளான்னைக்கு இல்ல. நாளைக்கு, பட்டியல் போறதுக்கு முன்ன. அந்தத் தாள் ஆபீஸ்ல இருக்கற வரைக்கும் எனக்கு இன்னொரு நோட்டீஸ் எப்ப வருமோன்னு இருக்கும். உனக்கு வேலை எப்படியோ, எனக்கு இந்த ஊடு அப்படி."

திங்கள் காலை ஒன்பதரைக்கெல்லாம் தோமினிக் ஆபீஸ் வாசலில் நின்றார். ஐந்து நிமிஷம் நிற்பார், கேட் வரை போவார், திரும்பி வருவார். இன்பமேரி சொன்ன பதினொன்று ஐந்து காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. கந்தப்பன் பத்தரைக்கு வந்தார்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் மேசையில் கை ஊன்றினார். "இன்னும் அரை மணி நேரம். அதுக்குள்ள உன் வாய்ல என்ன அரிப்பு?"

"அந்தம்மா கடுதாசியைக் கேக்கறாங்கய்யா."

"கடுதாசியை எடுத்தா அர்த்தநாரி மனு உயிரோட வந்துரும். உயிரோட இருக்கற மனுவுல உன் பேரு இருக்குது. அந்தப் பேரை நான் எப்படி அனுப்ப? சொல்லு, எடுக்கட்டுமா, வேண்டாமா?"

தோமினிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. "எடுங்கய்யா" என்றார்.

கந்தப்பன் கோப்பைப் பிரித்துக் கடிதத்தை எடுத்து நீட்டினார். பட்டியலில் எட்டாம் வரியை நீலப் பென்சிலால் அடித்தார். உறையை ஒட்டினார்.

இன்பமேரி பத்து நாள் அவரோடு பேசவில்லை. பதினோராம் நாள் பேசினாள்; பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்படி பேசினாள். வசந்தாமணியின் ஆட்டுக்கல்லை அவர் பெயர்த்தபோது அடியில் தளக் கம்பி இரண்டு துருப்பிடித்து வெளியே தெரிந்தது. அடைத்து, மூன்று நாள் தண்ணீர் தேக்கி, கீழே ஒரு சொட்டும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார். கல் கீழே மாடிப்படிக்கு அடியில் மண்ணுக்குப் போயிற்று. "எட்டுப் பேருக்கு மாவாட்ட ரெண்டு மாடி எறங்கோணும்" என்று வசந்தாமணி நெடுநாள் முனகினாள். அர்த்தநாரி பாராட்டு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு மனு எழுதினார்.

குப்பாயி கடிதத்தை வாங்கிக்கொண்டாள், நாலாய் மடித்து இடுப்பில் செருகினாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கிப் போனாள். அடுத்த நிரந்தரப் பட்டியல் வர மூன்று வருஷம் ஆயிற்று. அதில் பெயர் வந்தபோது தோமினிக்குக்கு நாற்பத்தொன்பது. ஞானஸ்நானச் சீட்டை அதன்பிறகு எடுக்கவில்லை என்கிறார்கள். மேகத்தைப் பார்த்தால் நடப்பது மட்டும் நிற்கவில்லை.

பட்டியலில் பெயர் வந்த அந்த வருஷமே ஐப்பசியில், நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலையில், அவர் வீட்டு வாசலில் வெள்ளைச் சேலை தெரிந்தது.

"எங்க ஆஸ்பத்திரி குவாட்டர்ஸ்ல ராமாயின்னு ஒருத்தி" என்றாள் குப்பாயி, உள்ளே வராமல். "அவ கட்டில் மேலயே ஒழுகுது. மேல்வீட்டுக்காரி நானில்லைங்கறா. உன்னைக் கூட்டிக்கிட்டு வாரேன்னு சொல்லிப்புட்டேன். டின்னுல ரெண்டு சாயமும் இருக்குதான்னு பாத்துக்க. மஞ்சள கிஞ்சளக் கொண்டாந்த, அவ்வளவுதான்."

தோமினிக் இரண்டு டின்னையும் திறந்து காட்டினார். அவள் எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள்.

ராமாயியின் வீட்டில் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தார்கள். கூரையில் பெரிய ஈரம். தோமினிக் பழக்கத்தில் அண்ணாந்தார். உடனே தலையைத் தாழ்த்தினார். வாளியைக் கேட்கவில்லை, மாடி ஏறவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அம்மா, தண்ணி எங்கிருந்து வருதுன்னு நீங்க நெனைக்கறீங்க? மொதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் மேல்வீட்டம்மாவக் கூப்புடுங்க, அவங்களையும் கேக்கோணும்."

"நல்லாக் கேளு" என்றாள் குப்பாயி, கதவில் சாய்ந்துகொண்டு. "நான் இங்கதான் நிக்கறேன்."